இங்கிலாந்தில் மது பரிமாறும் வேலைக்கு வருபவர்களுக்கு: பயிற்சி, பர்சனல் லைசன்ஸ், சட்டப் பொறுப்பு

பப், உணவகப் பார், திருமண மண்டபம், மது விற்கும் மூலைக்கடை என்று எங்கே வேலைக்குச் சேர்ந்தாலும், "உன்னிடம் லைசன்ஸ் இருக்கிறதா?" என்ற கேள்வி சில நாட்களிலேயே வந்துவிடும். எந்த லைசன்ஸ், அது தனக்குத் தேவைதானா, எவ்வளவு செலவாகும், எந்தத் தாளை எப்போது எடுப்பது என்பதையெல்லாம் ஒரே இடத்தில் தமிழில் சொல்பவர் இல்லாததால் நான் அலைந்தேன். தாள்களை முன்பின்னாக எடுத்ததால் ஒரே கட்டணத்தை இரண்டு முறை கட்டிய நண்பர்களையும் அறிவேன். புதிதாக வருபவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இங்கே சொல்லப்படுபவை இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டுமே பொருந்தும். ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் வேறு சட்டங்கள் உள்ளன.

1. உங்களுக்கு எது தேவை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

பாரில் நின்று மது ஊற்றிக் கொடுப்பதற்குச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும் என்று இங்கிலாந்துச் சட்டம் எந்தப் பணியாளரையும் கட்டாயப்படுத்தவில்லை. 2003ஆம் ஆண்டின் லைசன்சிங் சட்டம் இரண்டு வகை உரிமங்களைக் கேட்கிறது. ஒன்று, மது விற்கப்படும் இடத்துக்கான பிரிமிசஸ் லைசன்ஸ். இது முதலாளியின் கவலை. மற்றொன்று, ஓர் ஆளின் பெயரில் வழங்கப்படும் பர்சனல் லைசன்ஸ். ஒவ்வோர் இடத்துக்கும் டெசிக்னேட்டட் பிரிமிசஸ் சூப்பர்வைசர் என்ற பொறுப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும். அவரிடம் பர்சனல் லைசன்ஸ் கட்டாயம் இருக்க வேண்டும். அங்கே நடக்கும் ஒவ்வொரு மது விற்பனையும் பர்சனல் லைசன்ஸ் உள்ள ஒருவரால் செய்யப்பட்டதாகவோ அவரால் அனுமதிக்கப்பட்டதாகவோ இருக்க வேண்டும்.

ஆகவே சாதாரணப் பணியாளராகச் சேரும் உங்களுக்குத் தேவைப்படுவது அந்தப் பொறுப்பாளரின் அனுமதி. அது எழுத்தில் இருக்க வேண்டும் என்று வற்புறுத்துங்கள். உங்கள் பெயர், நீங்கள் விற்கலாம் என்ற வாசகம், தேதி, இருவரின் கையொப்பம் ஆகியவை கொண்ட ஒரு பக்கத் தாள் போதும். வாய்மொழி அனுமதியைச் சட்டம் தடுக்கவில்லை என்றாலும், காவல்துறையோ கவுன்சில் என்னும் உள்ளூராட்சி மன்றத்தின் அதிகாரியோ வந்து கேட்கும்போது காட்டுவதற்கு எழுத்தைத் தவிர வேறொன்றும் உதவாது.

பர்சனல் லைசன்ஸ் தேவைப்படுபவர்கள் யார் என்றால், மேற்பார்வையாளராகவோ மேலாளராகவோ உயர நினைப்பவர்கள், சொந்தக் கடை எடுக்க நினைப்பவர்கள், உரிமையாளர் இல்லாத நேரத்தில் கடையைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தினர் ஆகியோர். இந்தத் துறையில் சில மாதங்களுக்கு மேல் இருக்கப் போகிறீர்கள் என்றால் எடுத்துவிடுவதே நல்லது என்பது என் கருத்து. ஏனெனில் ஒரு முறை எடுத்தால் அதற்குக் காலாவதி கிடையாது. 2015 ஏப்ரல் 1 முதல் பத்தாண்டுப் புதுப்பிப்பு முறை நீக்கப்பட்டுவிட்டது. வேலை கேட்டுப் போகும்போதும் அந்த அட்டை உங்களை மற்றவர்களிடமிருந்து வேறுபடுத்திக் காட்டும். அதைவிடச் சிறிய பயிற்சி போதும் என்பவர்களுக்குப் பணியாளர்களுக்கான முதல் நிலைப் பொறுப்பான மது விற்பனைச் சான்றிதழ் உண்டு. காக்டெய்ல் பயிற்சி வகுப்புகளுக்கும் சட்டத்துக்கும் தொடர்பே இல்லை. பெரிய தொகை கட்டி அதை முதலில் படிக்காதீர்கள், அந்தக் கைப்பழக்கத்தை வேலையிலேயே கற்றுக்கொள்ளலாம்.

2. வேலை செய்யும் உரிமையைச் சரிபாருங்கள்

பர்சனல் லைசன்ஸ் பெற உங்களுக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும்; பிரித்தானியாவில் வேலை செய்யும் உரிமையும் இருக்க வேண்டும். 2017 ஏப்ரல் 6 முதல், உரிமம் வழங்கும் கவுன்சிலே இந்த உரிமையைச் சரிபார்க்கிறது. பிரித்தானியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் அதன் நகலைக் கொடுக்கலாம். ஈ-விசா உள்ளவர்கள் அரசின் இணையத்தளத்தில் ஷேர் கோட் எடுத்துத் தர வேண்டும். அந்தக் குறியீடு 90 நாட்களுக்கு மட்டுமே செல்லும் என்பதால் விண்ணப்பத்தை அனுப்பும் வாரத்தில் எடுங்கள். வேலைக்கான குறியீடு, வாடகை வீட்டுக்கான குறியீடு என்று தனித்தனியே உள்ளன, வேலைக்கானதையே தேர்ந்தெடுங்கள்.

உங்கள் விசா ஒரு குறிப்பிட்ட தேதியில் முடிவதாக இருந்தால், வேலை செய்யும் உரிமை முடியும்போது லைசன்ஸும் செல்லாததாகிவிடும். விசாவை உரிய காலத்தில் நீட்டித்துக்கொண்டால் சிக்கல் இல்லை. பட்டப்படிப்புக்காக மாணவர் விசாவில் வந்தவர்கள் கல்லூரி நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்பதையும், சுயதொழில் செய்யக் கூடாது என்பதையும் மறக்க வேண்டாம். "கையில் காசு தருகிறேன், கணக்கில் வராது" என்று சொல்லும் முதலாளியிடம் போகாதீர்கள். உரிமை இல்லாத ஒருவரை வேலைக்கு வைத்தால் அந்த முதலாளிக்கு, ஒரு பணியாளருக்கு 45,000 பவுண்டு வரையும், மீண்டும் பிடிபட்டால் 60,000 பவுண்டு வரையும் தண்டம் விதிக்கப்படலாம். உங்களுக்கோ விசாவே போய்விடும்.

3. பயிற்சி நிறுவனத்தைத் தேர்ந்தெடுங்கள்

நீங்கள் படிக்க வேண்டியது 'அவார்ட் ஃபார் பர்சனல் லைசன்ஸ் ஹோல்டர்ஸ்' என்ற இரண்டாம் நிலைத் தகுதி. சுருக்கமாக ஏ.பி.எல்.எச். என்பார்கள். ஹைஃபீல்டு போன்ற தகுதி வழங்கும் அமைப்புகள் இதை நடத்துகின்றன. அவற்றின் கீழ் நூற்றுக்கணக்கான சிறு பயிற்சி நிலையங்கள் வகுப்பும் தேர்வும் வைக்கின்றன. நேரில் என்றால் ஒரே நாளில் காலையில் வகுப்பும் மாலையில் தேர்வும் முடிந்துவிடும். வீட்டிலிருந்து இணையவழியிலும் படித்து, கேமரா வழிக் கண்காணிப்பில் தேர்வு எழுதலாம். வகுப்பும் தேர்வும் சேர்த்துப் பெரும்பாலும் 100 முதல் 200 பவுண்டுக்குள் இருக்கும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இருபது, முப்பது பவுண்டுக்கு "மது உரிமப் பயிற்சி" என்று விளம்பரம் செய்யும் இணைய வகுப்புகள் ஏராளம். பணம் கட்டிப் பாடத்தை முடித்தால் வண்ணச் சான்றிதழ் ஒன்றை மின்னஞ்சலில் அனுப்புவார்கள். கவுன்சில் அதை ஏற்காது. கண்காணிக்கப்பட்ட தேர்வு எழுதி, அரசு அங்கீகரித்த அமைப்பு வழங்கிய தகுதியே செல்லும். நானும் அப்படி ஒரு நிறுவனத்திடம் கேட்டபோது, "இது போதும், கவுன்சிலில் கொடுக்கலாம்" என்றே பதில் வந்தது. எனவே பணம் கட்டுமுன் மூன்று கேள்விகளை மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்குங்கள்: தகுதி வழங்கும் அமைப்பின் பெயர் என்ன, தேர்வுக் கட்டணம் சேர்த்தா சேர்க்காமலா, தோற்றால் மறுதேர்வுக்கு எவ்வளவு? அந்த அமைப்பின் பெயர் உள்துறை அமைச்சகம் அங்கீகரித்த பட்டியலில் இருக்கிறதா என்று அரசின் இணையத்தளத்தில் நீங்களே பாருங்கள்.

வேலை தரும் இடமே இந்தச் செலவை ஏற்பதும் உண்டு. அப்படி ஏற்றால், இத்தனை மாதத்துக்குள் வேலையை விட்டால் தொகையைத் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையொப்பமிடுங்கள்.

4. தேர்வு

நான்கு விடைகளில் சரியானதைத் தெரிவு செய்யும் முறையில் 40 கேள்விகள் இருக்கும். ஒரு மணி நேரம் தரப்படும். 28 சரியாக இருந்தால் தேர்ச்சி. கேள்விகள் கடினமானவை அல்ல என்றாலும் 'கட்டாயம்', 'விரும்பினால்', 'தெரிந்தே' போன்ற சொற்களில்தான் விடை ஒளிந்திருக்கும் என்பதால் ஆங்கிலத்தை நிதானமாகப் படியுங்கள்.

சட்டத்தின் நான்கு நோக்கங்களை மனப்பாடமாகவே வைத்துக்கொள்ளுங்கள்: குற்றத்தையும் ஒழுங்கீனத்தையும் தடுத்தல், பொதுப் பாதுகாப்பு, பொதுத் தொல்லையைத் தடுத்தல், சிறுவர்களைத் தீங்கிலிருந்து காத்தல். மதுவின் அளவுக் கணக்கும் நிச்சயம் வரும். ஒரு யூனிட் என்பது 10 மில்லிலிட்டர் தூய ஆல்கஹால். பானத்தின் அளவை மில்லிலிட்டரில் எடுத்து, அதன் ஆல்கஹால் சதவீதத்தால் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் யூனிட் கிடைக்கும். 5 சதவீத பீர் ஒரு பைன்ட், அதாவது 568 மில்லிலிட்டர், ஏறத்தாழ 2.8 யூனிட், 12 சதவீத ஒயின் 175 மில்லிலிட்டர் 2.1 யூனிட், 40 சதவீத விஸ்கி 25 மில்லிலிட்டர் ஒரு யூனிட். உடல் ஒரு யூனிட்டைக் கரைக்க ஏறத்தாழ ஒரு மணி நேரம் எடுக்கும். கறுப்புக் காபியோ குளிர்ந்த நீர்க் குளியலோ அதை விரைவுபடுத்தாது. இந்தக் கணக்கு தேர்வுக்குப் பிறகும், ஒரு வாடிக்கையாளர் எவ்வளவு குடித்திருக்கிறார் என்று மதிப்பிட ஒவ்வோர் இரவும் உதவும்.

வீட்டிலிருந்து தேர்வு எழுதுபவர்கள் கடவுச்சீட்டைப் பக்கத்தில் வைத்திருங்கள். அறையில் வேறு எவரும் இருக்கக் கூடாது. மேசை வெறுமையாக இருக்க வேண்டும். பலர் ஒன்றாகத் தங்கியிருக்கும் வீட்டில் அந்த ஒரு மணி நேரத்தைத் தனியாகப் பெறுவது எளிதன்று. ஒருவர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாலே தேர்வு செல்லாமல் போகக்கூடும் என்பதால் முன்கூட்டியே வீட்டில் சொல்லிவையுங்கள்.

5. குற்றப்பதிவுச் சான்றிதழ்: எல்லாவற்றையும்விடக் கவனமாகச் செய்ய வேண்டியது

இங்கே டிபிஎஸ் என்று எல்லோரும் சொல்லும் குற்றப்பதிவுச் சான்றிதழில் அடிப்படை நிலையே உங்களுக்குப் போதும். அரசின் இணையத்தளத்தில் நேரடியாக விண்ணப்பித்தால் இதை எழுதும் காலத்தில் 21.50 பவுண்டு. இடைத்தரகு நிறுவனங்கள் இதற்கே கூடுதலாக வாங்குகின்றன. அது வீண் செலவு. சான்றிதழ் வர 14 நாட்கள் வரை ஆகலாம்.

கவனிக்க வேண்டியது தேதி. சான்றிதழில் உள்ள தேதியிலிருந்து ஒரு நாட்காட்டி மாதத்துக்குள் உங்கள் முழு விண்ணப்பமும் கவுன்சிலிடம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். மார்ச் 10 தேதியிட்ட சான்றிதழ் என்றால் ஏப்ரல் 9க்குள் எல்லாத் தாள்களும் கவுன்சிலின் கையில் இருக்கட்டும். பலரும் ஆர்வத்தில் முதல் வேலையாக இதை எடுத்துவிட்டு, பிறகு வகுப்புக்குப் பதிந்து, தேர்வு எழுதி, தகுதிச் சான்றிதழ் தபாலில் வரக் காத்திருக்கும்போது மாதம் ஓடிவிடுகிறது. மறுபடியும் கட்டணம், மறுபடியும் இரண்டு வாரக் காத்திருப்பு. முதியோர் பராமரிப்பு வேலைக்காகச் சென்ற ஆண்டு எடுத்த சான்றிதழ் கையில் இருந்தாலும் இதே காரணத்தால் அது செல்லாது. ஆகவே ஏ.பி.எல்.எச். சான்றிதழும் புகைப்படங்களும் கைக்கு வந்த பிறகே இதற்கு விண்ணப்பியுங்கள்.

விண்ணப்பத்தில் கடந்த ஐந்து ஆண்டுகளில் நீங்கள் வாழ்ந்த எல்லா முகவரிகளையும் தேதிகளோடு, இடைவெளி இல்லாமல் கேட்பார்கள். யாழ்ப்பாணத்திலோ திருச்சியிலோ இருந்த வீட்டின் முகவரியும் அதில் அடங்கும். அறை மாறி அறை மாறி வாழ்ந்தவர்கள் அஞ்சல் குறியீடுகளை முன்பே ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டு, நேஷனல் இன்சூரன்ஸ் எண், ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றில் உங்கள் பெயர் ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். தந்தை பெயரைக் குடும்பப் பெயராக எழுதும் வழக்கத்தால் நம்மவர்களுக்கு இதில் குழப்பம் நேர்வது சாதாரணம். ஓர் ஆவணத்தில் முதற்பெயராக இருப்பது மற்றொன்றில் கடைசிப் பெயராக இருக்கும். கடவுச்சீட்டில் உள்ள வரிசையையே எல்லாப் படிவங்களிலும் பின்பற்றுங்கள், ஏ.பி.எல்.எச். வகுப்புக்குப் பதியும்போதும்.

6. புகைப்படமும் படிவங்களும்

45க்கு 35 மில்லிமீட்டர் அளவில், முழு முகம் தெரியும் இரண்டு புகைப்படங்கள் வேண்டும். கறுப்புக் கண்ணாடி கூடாது. சமயக் காரணத்துக்கான தலைத்துணிக்கு மட்டும் விலக்கு உண்டு. இரண்டில் ஒன்றின் பின்புறம், இது இன்னாரின் உண்மையான தோற்றம் என்று ஒரு வழக்கறிஞரோ, நோட்டரியோ, ஆசிரியர் போன்ற தொழில்முறைத் தகுதி உடையவரோ, சமூகத்தில் மதிப்புள்ள ஒருவரோ எழுதிக் கையொப்பமிட வேண்டும். புதிதாக வந்தவர்களுக்கு இப்படி ஒருவரைத் தேடுவதே பெரிய வேலையாகிவிடும்; கல்லூரி ஆசிரியர் அல்லது உங்கள் கணக்காளரிடம் முன்பே கேட்டுவையுங்கள்.

படிவங்கள் இரண்டு: விண்ணப்பப் படிவம் ஒன்று, பழைய தண்டனைகளையும் குடிவரவுத் தண்டங்களையும் அறிவிக்கும் படிவம் மற்றொன்று. இரண்டாவதை ஒன்றுமில்லை என்றாலும் நிரப்ப வேண்டும். வெளிநாட்டில் பெற்ற தண்டனை டிபிஎஸ் சான்றிதழில் தெரியாது. ஆனால் அது இங்குள்ள சட்டப் பட்டியலில் இருக்கும் குற்றத்துக்கு ஒப்பானது என்றால் நீங்களே அறிவிக்க வேண்டும். அந்தப் பட்டியலில் திருட்டு, மோசடி, போதைப்பொருள், வன்முறை, குடித்துவிட்டு வாகனம் ஓட்டுதல் போன்றவை உள்ளன. தண்டனை இருந்தால் விண்ணப்பம் உடனே நிராகரிக்கப்படும் என்பதில்லை. காவல்துறைக்குத் தெரிவிக்கப்பட்டு, அவர்கள் 14 நாட்களுக்குள் எதிர்ப்புத் தெரிவித்தால் விசாரணை நடக்கும். மறைப்பதோ தனிக் குற்றம்.

7. விண்ணப்பம்

நீங்கள் வேலை செய்யும் இடத்தின் கவுன்சிலுக்கு அனுப்பாதீர்கள். நீங்கள் குடியிருக்கும் பகுதியின் கவுன்சிலுக்கு அனுப்புங்கள். ஹாரோவில் தங்கி வெம்ப்ளியில் வேலை செய்பவர் ஹாரோ கவுன்சிலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். வெம்ப்ளி பிரென்ட் கவுன்சிலைச் சேர்ந்தது. கட்டணம் நாடு முழுதும் 37 பவுண்டு. இணையவழி விண்ணப்பத்தை ஏற்கும் கவுன்சில்கள் உண்டு. மூலத் தாள்களைத் தபாலில் கேட்பவையும் உண்டு. அனுப்புமுன் லைசன்சிங் பிரிவுக்கு மின்னஞ்சல் எழுதி, மூலமா நகலா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தபால் என்றால் பதிவுத் தபாலில், எல்லாவற்றையும் நகலெடுத்த பிறகே அனுப்புங்கள்.

வகுப்புக்குப் பதிவது முதல் அட்டை வரும் வரை நான்கு முதல் எட்டு வாரங்கள் என்று வைத்துக்கொள்ளலாம். மொத்தச் செலவு, மறுதேர்வு இல்லையென்றால், ஏறத்தாழ 170 முதல் 270 பவுண்டு.

8. லைசன்ஸ் வந்த பிறகு

புகைப்பட அட்டையும் ஒரு தாளும் வரும். மது விற்கும் பணியில் இருக்கும்போது காவலரோ அதிகாரியோ கேட்டால் காட்ட வேண்டும். வீடு மாறினாலோ பெயர் மாறினாலோ உடனே அறிவித்து 10.50 பவுண்டு கட்ட வேண்டும். அறிவிக்காமல் விடுவது குற்றம். எத்தனை ஊர் மாறினாலும் முதலில் உரிமம் வழங்கிய கவுன்சிலுக்குத்தான் எழுத வேண்டும், புதிய கவுன்சிலுக்கு அல்ல. புதியவர்கள் அடிக்கடி வீடு மாறுவதால், நான் பார்த்த வரையில் அதிகம் விடுபடுவது இந்தக் கடமைதான்.

பட்டியலில் உள்ள குற்றம் எதற்காவது நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டால், லைசன்ஸ் வைத்திருப்பதை நீதிமன்றத்துக்குச் சொல்லியே ஆக வேண்டும். நீதிமன்றம் மட்டுமல்லாமல் கவுன்சிலும் உரிமத்தை ஆறு மாதம் வரை இடைநிறுத்தவோ முற்றாக நீக்கவோ முடியும்.

9. வயது: கையால் எடுத்துக் கொடுத்தவரே முதலில் பதில் சொல்ல வேண்டும்

18 வயது நிறையாதவருக்கு மது விற்றால் குற்றம் விற்றவர் மேல் விழும். முதலாளியின் கடை, முதலாளியின் லைசன்ஸ் என்பது உங்களைக் காப்பாற்றாது. நீதிமன்றம் போனால் அபராதத்துக்கு மேல்வரம்பே இல்லை. பல நேரங்களில் காவல்துறை அந்த இடத்திலேயே 90 பவுண்டு தண்டச் சீட்டு கொடுப்பதும் உண்டு. மூன்று மாதத்துக்குள் இரண்டு முறை ஒரே இடத்தில் இது நடந்தால் உரிமையாளர் மீது தனி வழக்கு வரும். அல்லது 48 முதல் 336 மணி நேரம் வரை அங்கே மது விற்பனையை நிறுத்திவைக்கலாம். "அண்ணா, கொஞ்ச நேரம் கல்லாவில் நில்லுங்கள்" என்று சொல்லி உறவினரை நிறுத்திவிட்டுப் போகும் நம் குடும்பக் கடைகள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த அண்ணனுக்குச் சம்பளம் இல்லை, பயிற்சி இல்லை; ஆனால் வழக்கு அவர் பெயரில்தான் வரும். அவருடைய குடியுரிமை விண்ணப்பம் நிலுவையில் இருந்தால் விளைவு இன்னும் பெரிது.

உங்களைக் காக்கும் வழியையும் அதே சட்டம் தருகிறது. வாங்குபவர் 18 நிறைந்தவர் என்று நீங்கள் நம்பியிருக்க வேண்டும். அதோடு, வயதுச் சான்றைக் கேட்டு, நியாயமான எவரையும் நம்பவைக்கும் சான்றைப் பார்த்திருக்க வேண்டும். இதனால்தான் பெரும்பாலான இடங்கள் சேலஞ்ச் 25 என்ற கொள்கையை வைத்திருக்கின்றன: 25 வயதுக்குக் குறைந்தவர் போலத் தோன்றினால் கேட்டே ஆக வேண்டும். கடவுச்சீட்டு, புகைப்பட ஓட்டுநர் உரிமம், பாஸ் (PASS) என்ற வயதுச் சான்றுத் திட்டத்தின் முத்திரை கொண்ட அட்டை ஆகியவற்றை ஏற்கலாம். பிறந்த தேதியைக் கணக்கிடுங்கள், படத்தையும் முகத்தையும் ஒப்பிடுங்கள், ஹோலோகிராமைத் தடவிப் பாருங்கள். கைப்பேசியில் எடுத்த அட்டையின் படத்தை ஏற்காதீர்கள்.

காவல்துறையும், வணிக விதிகளைக் கண்காணிக்கும் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் அதிகாரிகளும் 18 வயதுக்குட்பட்டவர்களை அனுப்பிச் சோதனைக் கொள்வனவு செய்வார்கள். வரிசை நீண்டிருக்கும் நேரமாகவும் அது இருக்கலாம். ஆகவே கூட்ட நேரத்திலும் கேளுங்கள். மறுத்த ஒவ்வொரு விற்பனையையும் தேதி, நேரம், ஆளின் தோற்றம், காரணம் ஆகியவற்றோடு மறுப்புப் பதிவேட்டில் எழுதுங்கள். பல மாதங்களாக ஒரு வரியும் எழுதப்படாத பதிவேடு, அங்கே எவரும் கேட்பதே இல்லை என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளப்படும்.

ஒரு விலக்கை நினைவில் வையுங்கள். 16, 17 வயதினர் மேசையில் உணவு உண்ணும்போது, உடனிருக்கும் பெரியவர் ஒருவர் பீர், ஒயின், சைடர் ஆகியவற்றை வாங்கிக் கொடுத்து அருந்தச் செய்யலாம். விஸ்கி, வோட்கா போன்ற ஸ்பிரிட் வகைகளுக்கு இது பொருந்தாது. பாரில் நின்று குடிப்பதற்கும் பொருந்தாது. சிறுவருக்காகப் பெரியவர் வெளியே வாங்கிக்கொண்டு போவது குற்றம். கடைக்கு வெளியே பள்ளிச் சிறுவர் காத்திருப்பதைக் கண்டால் உள்ளே வந்தவருக்கு விற்க மறுத்துவிடுங்கள்.

10. போதை மிகுந்தவருக்கு மறுத்தல்

போதையில் இருப்பவருக்குத் தெரிந்தே மது விற்பது குற்றம். அபராதம் 1,000 பவுண்டு வரை. சம்பளம் வாங்குபவர், வாங்காதவர் என்ற வேறுபாட்டை இங்கும் சட்டம் பார்ப்பதில்லை. அவருக்காக நண்பர் வாங்கிக் கொடுப்பதும் குற்றம். உண்மையில் இந்த வேலையில் பயிற்சி வகுப்பால் கற்றுத்தர முடியாத பகுதி இதுதான். நம் ஊர்களில் பெரியவர் ஒருவருக்கு "போதும் ஐயா" என்று சொல்வதே மரியாதைக் குறைவு என்று வளர்ந்த நமக்கு, கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளையின் மாமாவுக்குக் குவளையை மறுப்பது எவ்வளவு கடினம் என்று தெரியும். இருந்தாலும் மறுத்தே ஆக வேண்டும்.

சொல் குழறுதல், தள்ளாடுதல், காசை எண்ண முடியாமை, குரல் திடீரென உயர்தல் ஆகியவற்றைப் பாருங்கள். சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை குறைந்தாலும், பக்கவாதத்தின் தொடக்கத்திலும் இதே அடையாளங்கள் தோன்றும். குடித்த அளவுக்கும் நிலைக்கும் பொருந்தவில்லை என்றால் உதவியை அழையுங்கள்.

முழுப் போதை வருமுன்பே வேகத்தைக் குறையுங்கள்: அடுத்த குவளையைத் தாமதப்படுத்துங்கள், தண்ணீரும் உணவும் கொடுங்கள். மறுக்கும்போது மற்றவர் காதில் விழாமல், தாழ்ந்த குரலில், "இப்போது என்னால் தர முடியாது, சட்டம் அனுமதிக்காது" என்று சொல்லுங்கள். "நீங்கள் குடித்துவிட்டீர்கள்" என்று குற்றம் சாட்டாதீர்கள். உடன் வந்தவர்களில் தெளிவாக இருப்பவரிடம் பேசுங்கள், டாக்சி அழைத்துத் தருவதாகச் சொல்லுங்கள். மறுத்ததை உடனே சக பணியாளர்களிடம் தெரிவியுங்கள். இல்லாவிட்டால் அவர் பாரின் மறுமுனைக்குப் போய் அங்கே வாங்கிவிடுவார். 'ஆஸ்க் ஃபார் ஏஞ்சலா' திட்டம் உள்ள இடங்களில், ஏஞ்சலா இருக்கிறாரா என்று ஒருவர் கேட்டால், தான் பாதுகாப்பாக உணரவில்லை என்று பொருள். எதுவும் திருப்பிக் கேட்காமல் அவரைத் தனியிடத்துக்கு அழைத்துச் சென்று மேலாளரிடம் சொல்லுங்கள்.

11. அளவும் விலையும்

ஜின், ரம், வோட்கா, விஸ்கி ஆகியவை 25 அல்லது 35 மில்லிலிட்டர் அளவிலோ அவற்றின் மடங்கிலோதான் விற்கப்பட வேண்டும். ஒரே இடத்தில் இரண்டையும் கலந்து பயன்படுத்தக் கூடாது. முத்திரையிட்ட அளவுக்குவளை இல்லாமல் கண்மட்டத்தில் ஊற்றாதீர்கள். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட திரவங்கள் கலந்த காக்டெய்லுக்கு இந்த விதி இல்லை. குவளையில் விற்கும் ஒயின் 125, 175 மில்லிலிட்டர் அல்லது அவற்றின் மடங்கு. குழாய் பீர் மூன்றில் ஒரு பைன்ட், அரை, மூன்றில் இரண்டு, அல்லது அரையின் மடங்குகள்.

இலவசக் குழாய்த் தண்ணீர் கேட்பவருக்குத் தர வேண்டும். 125 மில்லிலிட்டர் ஒயின், அரை பைன்ட் பீர் ஆகிய சிறிய அளவுகள் இருப்பதை வாடிக்கையாளர் அறியச் செய்ய வேண்டும். மதுவுக்கான தீர்வை வரியும் அதன் மேல் வாட் என்னும் மதிப்புக் கூட்டு வரியும் சேர்ந்த தொகைக்குக் கீழே எந்த மதுவையும் விற்கக் கூடாது. கடை வைத்திருப்பவர்கள் மொத்த விற்பனையாளர் அரசின் பதிவில் இருக்கிறாரா என்று வாங்குமுன் சரிபார்க்க வேண்டும். வேனில் வந்து மலிவாகத் தருபவரிடம் வாங்கிய ஒரு பெட்டி, கடையின் உரிமத்தையே பறித்துவிடும்.

12. மண்டப நிகழ்ச்சிகளுக்கு ஒரு குறிப்பு

உரிமம் இல்லாத மண்டபத்தில் திருமணத்திலோ ஆண்டு விழாவிலோ மது விற்பதென்றால் கவுன்சிலுக்குத் தற்காலிக நிகழ்ச்சி அறிவிப்புக் கொடுக்க வேண்டும். கட்டணம் 21 பவுண்டு. பணியாளர்கள் உட்பட ஒரே நேரத்தில் 499 பேர் வரை. அதிகபட்சம் 168 மணி நேரம். குறைந்தது பத்து முழு வேலை நாட்களுக்கு முன் கொடுங்கள். கொடுக்கும் நாளும் நிகழ்ச்சி நாளும் அதில் சேராது. பர்சனல் லைசன்ஸ் இல்லாதவர் ஆண்டுக்கு ஐந்து அறிவிப்புகள் கொடுக்கலாம், இருப்பவர் ஐம்பது. நுழைவுச் சீட்டின் விலையில் மதுவும் அடங்கியிருந்தால் அதுவும் விற்பனைதான். அனுமதி இல்லாமல் விற்றால் ஆறு மாதச் சிறையோ வரம்பற்ற அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம்.

ஸ்காட்லாந்துக்கு இடம் மாறுபவர்கள் இங்கே எடுத்த லைசன்ஸை அங்கே காட்ட முடியாது. அங்கே தனித் தகுதி, ஐந்தாண்டுக்கு ஒரு முறை மீள்பயிற்சி எல்லாம் உண்டு. லைசன்ஸ் இல்லாத சாதாரணப் பணியாளரும் மது பரிமாறத் தொடங்குமுன் இரண்டு மணி நேரப் பயிற்சியை முடித்து, அதன் பதிவைக் கையில் வைத்திருக்க வேண்டும்.